பறக்காத விமானத்தை வரைந்த மாணவர்



செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? தாம்பரம், தாம்பரம் சானடோரியம் ஆகிய நிலையங்களைத் தாண்டியதும் குரோம்பேட்டை வரும். குரோம் தோல் தொழிற்சாலை அங்கே இருந்ததால் வந்த பெயர் அது. நிலையத்துக்கு அருகிலேயே எம்.ஐ.டி. என்று எல்லோரும் சொல்லும் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. சி. ராஜம் என்ற பெருமகனார் தம் சொந்த மாளிகையை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு 1949-ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லூரி அது. குரோம்பேட்டை அன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கல்லூரியில் 1950-களில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு போர் விமானத்துக்குத் திட்டம் வரைந்தார்கள். அந்த விமானத்தை எந்தத் தொழிற்சாலையும் கட்டவில்லை. அது ஒருநாளும் வானத்தில் பறக்கவில்லை. ஆனால் அதன் வரைபடத்தைப் போட்ட மாணவர் பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார்!

யாரென்று கண்டுபிடித்துவிட்டீர்களா? ஆம், டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம்தான். ராக்கெட்டையும் அக்னி ஏவுகணையையும் வைத்துத்தான் நாம் அவரை நினைக்கிறோம். இன்று அவர் வரைந்த அந்தப் பறக்காத விமானத்தின் கதையைப் பார்ப்போம்.

கடற்கரையில் ஒரு பாடம்

கலாம் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ராமேசுவரத்தில் பிறந்தார். தந்தை ஜைனுலாப்தீன். தாய் ஆஷியம்மா. பெரிய குடும்பம், சிறிய வருமானம். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். செய்தித்தாள் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வெளியே வீசினார்கள். அந்தக் கட்டுகளைப் பொறுக்கி எடுத்துத் தம் உறவினர் சம்சுதீனுக்கு உதவினார் சிறுவன் கலாம். அவர் வாழ்க்கையில் சம்பாதித்த முதல் காசு அதுதான்.

ஐந்தாம் வகுப்பில் அவருக்கு சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் வாய்த்தார். ஒருநாள் அவர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளையே காட்டிப் பாடம் நடத்தினார். சிறகு எப்படி அடிக்கிறது, வால் எப்படித் திரும்புகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பறத்தல் பற்றித்தான் படிக்க வேண்டும் என்ற ஆசை கலாமின் மனத்தில் அன்றுதான் விழுந்தது.

நீங்களும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகும்போது பறவைகளைக் கவனித்துப் பாருங்கள். சில பறவைகள் சிறகை அடிக்காமலேயே காற்றில் மிதக்கும். சிறகின் சாய்வைக் கொஞ்சம் மாற்றினாலே போதும், மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும். விமானத்தின் இறக்கை செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். தன்மீது மோதும் காற்றை அது கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்று கீழே போகும்போது இறக்கை மேலே தூக்கப்படுகிறது.

வளையலும் சங்கிலியும்

ராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலும், திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் படித்தார் கலாம். கல்லூரியில் அவர் எடுத்துக்கொண்ட பாடம் இயற்பியல். பட்டம் வாங்கும் நேரத்தில்தான், தமக்கு வேண்டியது பொறியியல் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. ஆனால் சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய் என்பது அவர்கள் குடும்பத்துக்கு மிகப் பெரிய தொகை. அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. அப்போது அக்கா ஜொஹரா முன்வந்தார். தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் புரட்டிக் கொடுத்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த நகைகளை மீட்டுத் தரவேண்டும் என்று தம்பி மனத்துக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். அதற்கு ஒரே வழி, நன்றாகப் படித்துக் கல்வி உதவித்தொகை பெறுவதுதான்.

இந்த நகையையும் உதவித்தொகையையும் மறந்துவிடாதீர்கள். கதையின் முக்கியமான இடத்தில் இவை மறுபடியும் வரப்போகின்றன.

எம்.ஐ.டி. வளாகத்தில் பழைய விமானங்கள் இரண்டைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும், கலாம் அந்த விமானங்களின் அருகே நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். முதலாண்டு முடிந்து பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது, கொஞ்சமும் தயங்காமல் விமானப் பொறியியலை எடுத்துக்கொண்டார்.

அங்கே நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆஸ்திரியா நாட்டிலிருந்து வந்த பேராசிரியர் ஸ்பாண்டர் காற்றியக்கவியல் கற்பித்தார். காற்றில் ஒரு பொருள் நகரும்போது என்ன நடக்கிறது என்று சொல்லும் பாடம் அது. விமானத்தின் கட்டமைப்பை பண்டாலை கற்பித்தார். நரசிங்கராவ் கணித மேதை. இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற ஜெர்மன் போர் விமானத்தை வடிவமைத்த கர்ட் டாங்க் என்ற பொறியாளரும் அந்தக் கல்லூரியில் இருந்தார்.

தாழப் பறப்பது ஏன் கடினம்?

படிப்பின் இறுதிக் கட்டத்தில் கலாமுக்கும் மற்ற நான்கு மாணவர்களுக்கும் ஒரு திட்டப்பணி கொடுக்கப்பட்டது. தாழ்வாகப் பறந்து சென்று தரையிலுள்ள இலக்கைத் தாக்கும் போர் விமானம் ஒன்றை அவர்கள் வடிவமைக்க வேண்டும். விமானத்தின் காற்றியக்க வடிவத்தைத் திட்டமிட்டு வரையும் பொறுப்பைக் கலாம் ஏற்றுக்கொண்டார். எஞ்சின், கட்டமைப்பு, கட்டுப்பாட்டு அமைப்பு, கருவிகள் ஆகியவற்றை மற்ற நால்வரும் எடுத்துக்கொண்டார்கள்.

போர் விமானம் ஏன் தாழப் பறக்க வேண்டும்? இதற்கும் மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்வோம். கடற்கரை மணலில் நிற்பவருக்குத் தொலைவில் வரும் சிறு படகு தெரியாது. பூமி உருண்டையாக இருப்பதால் அது அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்பவருக்கோ அதே படகு முன்னதாகவே தெரிந்துவிடும். விமானத்தைக் கண்டுபிடிக்கும் ராடார் கருவிக்கும் இதே கதைதான். உயரே வரும் விமானம் ராடாருக்கு வெகு தொலைவிலேயே தெரிந்துவிடும். தாழ வரும் விமானமோ அருகில் நெருங்கும்வரை மறைந்திருக்கும். அது மட்டுமா? தரையில் எது எங்கே இருக்கிறது என்று விமானிக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமானாலும் தாழ்வாகத்தான் வரவேண்டும்.

ஆனால் தாழப் பறப்பது எளிதல்ல. தரைக்கு அருகே காற்று அடர்த்தி அதிகம். அதைக் கிழித்துக்கொண்டு போக எஞ்சின் அதிகமாக உழைக்க வேண்டும், எரிபொருளும் நிறையச் செலவாகும். வெயிலில் சூடான நிலத்திலிருந்து காற்று எழும்பி விமானத்தைக் குலுக்கும். அந்தக் குலுக்கலை இறக்கைகள் தாங்க வேண்டும். தரையிலிருந்து சுடுவார்கள். எனவே விமானிக்கும் எரிபொருள் தொட்டிக்கும் பாதுகாப்பு வேண்டும். சிறு தவறு நேர்ந்தால்கூடத் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதுகாப்புக்காகத் தடித்த தகடு வைத்தால் எடை கூடும். எடை கூடினால் பெரிய இறக்கை வேண்டும். பெரிய இறக்கையைக் காற்று அதிகமாகத் தடுக்கும். அதை வெல்லப் பெரிய எஞ்சின் வேண்டும். பெரிய எஞ்சின் அதிக எரிபொருள் குடிக்கும். எரிபொருள் அதிகம் ஏற்றினால் மறுபடியும் எடை கூடும்! ஒன்றைத் தொட்டால் எல்லாமே மாறும். ஐந்து பேரும் தனித்தனியாக வேலை செய்தாலும், ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். விமானத்தின் வடிவம் முடிவாகாவிட்டால் மற்றவர்களின் வேலையும் நின்றுவிடும்.

மூன்று நாள் கெடு

கல்லூரியின் இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன். வடிவமைப்புப் பாடமும் அவர்தான் நடத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கலாமின் வேலையைப் பார்வையிட்ட அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. வேலை மிகவும் பின்தங்கியிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். தாமதத்துக்குக் கலாம் பல காரணங்கள் சொன்னார். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு மாதம் அவகாசம் கேட்டார்.

பேராசிரியர் கொடுத்தது மூன்றே நாள்! திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் தம் கைக்கு வராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று எச்சரித்தார்.

கலாம் அதிர்ந்து போனார். அந்த உதவித்தொகைதான் அவருடைய உயிர்நாடி. அது நின்றால் படிப்பு நின்றுவிடும். அக்காவின் வளையலும் சங்கிலியும் அடகுக் கடையில் இருக்கின்றன. வேறு வழியே இல்லை.

அன்று இரவு அவர் சாப்பிடப் போகவில்லை. வரைபலகையின் முன்னால் உட்கார்ந்தவர் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. அப்போது கணினி கிடையாது. ஒவ்வொரு கோடும் கையால் போட வேண்டும். ஒரு கணக்கு மாறினால் கோட்டை அழித்துவிட்டு மறுபடியும் போட வேண்டும். மறுநாள் காலையில் குளிக்கவும் சாப்பிடவும் ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் பலகைக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அறையில் வேறு யாரோ இருப்பதுபோல் தோன்றியது. திரும்பிப் பார்த்தால், டென்னிஸ் உடையில் பேராசிரியர் சீனிவாசன் நின்றுகொண்டிருந்தார்! விளையாடிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாணவரின் வேலையைப் பார்க்க வந்திருக்கிறார். வரைபடத்தைப் பார்த்தவர் மாணவரை அன்போடு அணைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார். முடியவே முடியாத ஒரு கெடுவைக் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியும். மாணவர் அதை முடித்துக் காட்டுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

சீனிவாசன் கண்டிப்பானவர்தான். ஆனால் விடுமுறை நாளில் வேலை மெனக்கெட்டு வந்து பார்த்தாரே, அதை நாம் மறக்கக் கூடாது. கடைசிவரை கலாமும் மறக்கவில்லை. பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் இந்த நிகழ்ச்சியை நன்றியோடு எழுதியிருக்கிறார்.

தமிழில் ஒரு கட்டுரை

அந்தத் திட்டப்பணி நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. நம் நாட்டுக்குத் தேவையான விமானத்தை நாமே செய்ய வேண்டும் என்ற கருத்தில் கலாம் தமிழில் கட்டுரை எழுதினார். முதல் பரிசு அவருக்கே கிடைத்தது. பரிசை வழங்கியவர், அந்நாளில் ஆனந்த விகடன் ஆசிரியராக இருந்த எழுத்தாளர் தேவன்.

அந்த விமானம் கட்டப்படவே இல்லையே என்று கேட்கிறீர்களா? அது மாணவர்கள் பழகுவதற்காகக் கொடுக்கப்பட்ட பயிற்சி. வரைபடத்தோடு நின்றுவிட்டது. நீங்கள் பரீட்சைக்கு முன் போட்டுப் பார்க்கும் கணக்கு போலத்தான்.

பெரிய நாடுகளிலும் இப்படி எத்தனையோ விமானங்கள் பாதியில் நின்றிருக்கின்றன. அமெரிக்கா 1970-களில் தரைத் தாக்குதல் விமானத்துக்கு ஒரு போட்டி வைத்தது. ஒய்.ஏ.-9, ஒய்.ஏ.-10 என்ற இரண்டு மாதிரிகள் மோதின. இரண்டுமே 1972-ஆம் ஆண்டில் பறந்து காட்டின. 1973-ஆம் ஆண்டில் ஒய்.ஏ.-10 வென்றது. ஒய்.ஏ.-9 மாதிரியில் செய்தவை இரண்டே விமானங்கள்தான். அதன் பிறகு அது தொழிற்சாலைப் பக்கமே போகவில்லை.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. எம்.ஐ.டி.யில் இருந்த கர்ட் டாங்க், பிறகு பெங்களூரு ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் மாருத் என்ற ஜெட் போர் விமானத்தை வடிவமைத்தார். 1961-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் அது முதன்முதலாகப் பறந்தது. ஒலியைவிட மிக வேகமாகப் பறக்க வேண்டும் என்றுதான் அதைத் திட்டமிட்டார்கள். ஆனால் அதற்கு ஏற்ற வலிமையான எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. எனவே அது தரைத் தாக்குதல் விமானமாகவே பயன்பட்டது. 1971-ஆம் ஆண்டுப் போரில் பங்கெடுத்தது. இன்னும் வலிமையான எஞ்சின்களைப் பொருத்திச் செய்த சோதனை வகைகள் உற்பத்திக்கு வரவில்லை. உடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எஞ்சின் இல்லாவிட்டால் விமானம் முழுமை அடையாது என்று அந்தக் கதை நமக்குச் சொல்கிறது.

ஒன்றன்பின் ஒன்றாக

எம்.ஐ.டி.யிலிருந்து வெளியே வந்த கலாம், விமானி ஆக ஆசைப்பட்டு டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். தேர்வுக்கு வந்தவர்கள் 25 பேர். எடுக்கப்பட்டவர்கள் 8 பேர். கலாம் பெற்ற இடம் ஒன்பது! ஒரே ஓர் இடத்தில் கனவு போய்விட்டது. மனம் உடைந்தாலும், 1958-ஆம் ஆண்டில் பாதுகாப்பு அமைச்சகத்தில் அறிவியல் உதவியாளர் வேலையில் சேர்ந்தார். அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய்.

பிறகு பெங்களூருவில் ஒரு சிறு குழுவோடு, நந்தி என்ற மிதவை ஊர்தியை உருவாக்கினார். தரையைத் தொடாமல், 40 மில்லிமீட்டர் உயரத்துக்குக் காற்றுமெத்தை அமைத்துக்கொண்டு நகரும் வண்டி அது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனே அதில் ஏறிப் பார்த்தார். ஆனால் 1962-ஆம் ஆண்டில் அவர் பதவி விலகியதும் நந்தியை ஆதரிக்க ஆளில்லை. அதுவும் உற்பத்திக்குப் போகாமல் நின்றுவிட்டது.

கணக்குப் பாருங்கள். கல்லூரியில் வரைந்த விமானம் பறக்கவில்லை. விமானி ஆகும் ஆசை நிறைவேறவில்லை. நந்தியும் நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சலித்துப் போயிருப்பார்கள். ஆனால் நந்தியைப் பார்க்க வந்த அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன், அதைச் செய்த இளைஞரையும் கவனித்துக்கொண்டு போனார். சில நாட்களில் விண்வெளி ஆய்வுக் குழுவிலிருந்து கலாமுக்கு அழைப்பு வந்தது. நின்றுபோன வண்டிதான் அவரை ராக்கெட் பக்கம் கொண்டு சேர்த்தது!

அங்கும் முதலில் தோல்விதான். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி வங்கக் கடலில் விழுந்தது. மாமல்லபுரத்தில் நாம் பார்க்கிறோமே, அதே வங்கக் கடல்தான். கலாமின் குழு தவறைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தியது. அடுத்த ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 மீண்டும் கிளம்பி, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விட்டது. 1989-ஆம் ஆண்டில் அக்னி ஏவுகணை வெற்றிகரமாகப் பறந்தது.

நமக்கு வேண்டிய விமானத்தை நாமே செய்ய வேண்டும் என்று மாணவப் பருவத்தில் எழுதினாரே, அந்த ஆசை என்ன ஆயிற்று? 1992 முதல் 1999 வரை பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்குக் கலாம் தலைமை தாங்கினார். அந்தக் காலத்தில் கோட்டா ஹரிநாராயணா என்ற பொறியாளரின் குழு இலகுரகப் போர் விமானம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் பெங்களூருவில் அது பறந்தது. அதற்குப் பிறகு வைத்த பெயர்தான் தேஜஸ். 2016-ஆம் ஆண்டில் அது விமானப்படையில் சேர்ந்தது. வானில் இருந்து வரும் எதிரியோடும் மோதும், தரையில் உள்ள இலக்கையும் தாக்கும்.

குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், புனேயில் சுகோய் போர் விமானத்தில் ஏறிப் பறந்தார் கலாம். அப்போது அவருக்கு வயது 74. ஒன்பதாம் இடத்தால் கைநழுவிப் போன ஆசை ஒருநாள் நிறைவேறியது.

2015-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து மறைந்தார். ராமேசுவரத்தில் பேக்கரும்பு என்ற இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

செல்வங்களே! போர் விமானம் உயிரைப் பறிக்கும் கருவிதான். அதைப் பயன்படுத்தும் தேவையே வராமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் எத்தனையோ கணக்குகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும், கெடுவுக்குள் முடிக்கவும் குரோம்பேட்டையில் அந்த வரைபலகை கலாமுக்குக் கற்றுக்கொடுத்தது. விமானம் பறக்காவிட்டாலும் படித்த பாடம் வீணாகவில்லை.

உங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு நீங்கள் செய்த மாதிரி ஓடாமல் போயிருக்கலாம். பரிசு அடுத்த வகுப்புக்குப் போயிருக்கலாம். அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எந்த இடத்தில் நின்றது, ஏன் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்ததைச் செய்யும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.